மலேரியா வைரஸ் அல்ல, ஒழிந்தும் போகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழின் சுகாதாரப் பக்கத்தில் கொசுக்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். டிங்கியைக் குறைக்க கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் வோல்பாக்கியா கொசுக்களை விடுவதைப் பற்றிய கட்டுரை. எழுத வேண்டிய விஷயம்தான். ஆனால் படிக்கப் படிக்க மூன்று இடங்களில் பேனாவால் அடிக்கோடு போட்டேன். வோல்பாக்கியா ஓர் "ஒட்டுண்ணி" என்று ஓர் இடத்தில் இருந்தது. "மலேரியா வைரஸ்" என்று இன்னோர் இடத்தில். கடைசிப் பத்தியில், மலேரியா நம் நாட்டை விட்டு முற்றாக ஒழிந்துவிட்டது என்று ஒரு வரி.

முதல் இரண்டையும் பிழைதிருத்தம் என்று ஒரு மூலையில் போட்டு முடித்துவிடலாம். மூன்றாவது வரியில் இருக்கும் அதே எண்ணத்தால் போன வருடம் என் அண்ணன் மகன் ஐந்து நாள் வேறு ஏதோ காய்ச்சல் என்று படுத்துக் கிடந்தான். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 33 வருடங்கள் அரசாங்க மருத்துவமனை ஆய்வுக்கூடங்களில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவள். முதல் 12 வருடம் பகாங்கில், மீதி கோலாலம்பூரில். 2012-இல் ஓய்வு பெற்றேன். என் கண் அதிகமாகப் பார்த்தது ரத்த சிலைடுகளைத்தான். அதிலும் மலேரியா சிலைடுகளை.

பெயர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டிங்கியைத் தருவது வைரஸ். அது ஓர் உயிரணுகூட இல்லை; இன்னோர் உயிரணுவுக்குள் புகுந்தால்தான் அதற்கு வாழ்க்கை. வோல்பாக்கியா என்பது பாக்டீரியா. 1924-இல் ஹெர்டிக், வோல்பாக் என்ற இரண்டு பேர் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்தில் சாதாரண வீட்டுக் கொசுவில் கண்டுபிடித்தது. நம்மூரில் அதை, டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குள் குடியேற்றி, டிங்கி வைரஸ் அந்தக் கொசுவில் பெருகாதபடி செய்கிறார்கள். அது மனிதருக்கு நோய் தருவதில்லை. 2017-இல் தொடங்கிய சோதனையில், கொசு விட்ட இடங்களில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக 2019-இல் அறிவித்தார்கள். மலேரியாவைத் தரும் பிளாஸ்மோடியம் இந்த இரண்டும் இல்லை. உயிரணுக்கரு உள்ள, ஒரே ஓர் உயிரணுவால் ஆன ஓர் உயிர். அதுதான் ஒட்டுண்ணி.

என்ன பெயர் சொன்னால் என்ன என்று சிலர் கேட்கலாம். டிங்கிக்கு நேரடி மருந்து கிடையாது. தண்ணீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டு காத்திருப்பதுதான் வைத்தியம். மலேரியாவுக்கு மருந்து இருக்கிறது. நேரத்தோடு கொடுத்தால் பிழைத்துக்கொள்வார்கள். மலேரியாவை வைரஸ் என்று நினைத்துக்கொண்டு பாராசிட்டமாலோடு காத்திருப்பவர் இழக்கிற நாட்களைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

இந்த ஒட்டுண்ணியை நான் முதலில் உயிரோடு பார்த்தது 1979-இல், பயிற்சியில் இருந்தபோது. சிலைடை எப்போதும் காய வைத்து, ஜீம்சா சாயம் போட்டுத்தான் பார்ப்போம். அதில் இருப்பது செத்த ஒட்டுண்ணி. அன்று எங்கள் பெரியவர் ஒரு நோயாளியின் விரலிலிருந்து எடுத்த ரத்தத்தைக் காய விடாமல், மேலே மெல்லிய கண்ணாடியை வைத்து, "பேசாம பத்து நிமிஷம் பாரும்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஓரிடத்தில் சிவப்பணுக்கள் ஆடத் தொடங்கின. நடுவில் உருண்டையாக ஒன்று நடுங்கியது. திடீரென்று அதிலிருந்து நூல் நூலாகச் சில இழைகள் வெளியே வந்து சாட்டை போல அடித்தன. ஓர் இழை பிய்த்துக்கொண்டு ஓடியது. நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அது ஆண் அணு. மனித உடம்பின் சூட்டிலிருந்து வெளியே வந்து, சூடு தணிந்ததும், கொசுவின் வயிற்றுக்கு வந்துவிட்டோம் என்று அது நினைத்துக்கொள்கிறது. ஓர் ஆண் அணுவிலிருந்து எட்டு இழைகள் வரை வரும். கொசுவின் வயிற்றுக்குள் என்றால் அவை பெண் அணுவைத் தேடிப் போய்ச் சேரும். 1880-இல் அல்ஜீரியாவில் லவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர் இதே காட்சியைப் பார்த்துத்தான் மலேரியாவுக்குக் காரணம் கெட்ட காற்று அல்ல, ஓர் உயிர் என்று சொன்னார்.

இதைப் படிக்கிற யாரும் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இந்த ஒட்டுண்ணிக்குக் கொசு வெறும் வண்டி அல்ல. மனிதர்களாகிய நம் உடம்பில் அது பிரிந்து பிரிந்து பெருகத்தான் செய்கிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து கரு உண்டாவது கொசுவின் வயிற்றில்தான். அந்தக் கரு ஒரு நாளுக்குள் புழு போல நீண்டு, கொசுவின் குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு போய், வெளிப்பக்கத்தில் ஒரு கொப்புளமாக ஒட்டிக்கொள்ளும். கொப்புளத்துக்குள் ஆயிரக்கணக்கில் குஞ்சுகள். அது வெடித்ததும் குஞ்சுகள் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்க் காத்திருக்கும். நம் ஊர் வெப்பத்தில் இதெல்லாம் முடிய பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதற்குள் அந்தக் கொசு செத்துவிட்டால் கதை முடிந்தது. அதனால் மலேரியா தருவது வயதான கொசுதான். கொசுவின் ஆயுளில் நாலு நாள் குறைத்தால்கூடப் பெரிய லாபம்.

பகாங்கில் இருந்தபோது இதையும் கையால் செய்திருக்கிறேன். சுகாதார இலாகா ஆண்கள் ராத்திரியில் காட்டோரம் காற்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு உட்காருவார்கள். காலில் வந்து உட்காரும் கொசுவைச் சின்னக் கண்ணாடிக் குழாயால் மூடி, பஞ்சால் அடைத்து, காலையில் எங்களிடம் கொண்டு வருவார்கள். ஊசி முனையால் வால் பக்கத்தை மெல்ல இழுத்தால் குடல் தனியாக வந்துவிடும். அந்தக் காலத்தில் முட்டியில் அடிபட்டால் தடவிய அதே சிவப்பு மருந்து, மெர்குரோகுரோம், அதில் ஒரு சொட்டு விட்டால் கொப்புளங்கள் தெளிவாகத் தெரியும். நூற்றுக்கணக்கில் அறுத்தாலும் ஒன்றுகூடக் கிடைக்காத வாரங்கள்தான் அதிகம். கிடைத்த அன்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவோம்.

1897 ஆகஸ்டு 20-ஆம் தேதி செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் பார்த்தது இதே கொப்புளத்தைத்தான். உசேன் கான் என்ற நோயாளியின் ரத்தத்தைக் குடித்த, சிறகில் புள்ளி உள்ள கொசுவின் வயிற்றில். இன்றும் ஆகஸ்டு 20-ஐ உலகக் கொசு நாள் என்கிறார்கள். அதே ராஸ் ஏடிஸ் கொசுவின் குடலில் இன்னோர் ஓரணு ஒட்டுண்ணியையும் கண்டு 1898-இல் எழுதினார். இன்று அதற்கு அஸ்கோகிரிகரைனா குலிசிஸ் என்று பெயர். கொசுப்புழு தண்ணீரில் அதன் முட்டை போன்ற கூட்டை விழுங்கும். அது புழுவின் குடலில் வளரும். கொசு கூட்டுப்புழுவாகும் நேரத்தில் சிறுநீர்க் குழாய்களுக்கு இடம் மாறும். பிறகு மறுபடி தண்ணீருக்கே போய்ச் சேரும். நம்மிடம் வருவதே இல்லை. இதன் இன்னொரு வகை, நம் வீட்டுப் பூச்சட்டித் தட்டில் வளரும் கறுப்பு வெள்ளைப் புலிக்கொசுவில் இருக்கிறது. கொசுவுக்குள் இருக்கிற எல்லாமே நமக்கு எதிரி அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். மொத்தமாக "கொசுக் கிருமி" என்று எழுதினால் இந்த வேறுபாடு எல்லாம் காணாமல் போய்விடும்.

சரி, தோட்டங்களில் உழைத்த நம்மவர்களுக்கும் இந்த ஒட்டுண்ணிக்கும் உள்ள கணக்குக்கு வருகிறேன். ராஸ் கண்டுபிடித்து நாலே வருடத்தில், 1901-இல், கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பு நிலத்துக்கு வடிகால் வெட்டி, காட்டை அழித்து, காய்ச்சலை அடக்கினார். அப்போதுதான் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை, இன்றைய போர்ட் கிள்ளானை, காய்ச்சல் தாங்காமல் மூடிவிடலாமா என்று யோசித்த காலம். தாழ்வான நிலத்தில் பலித்த அந்த வழி மலைத் தோட்டங்களில் பலிக்கவில்லை. அங்கே காட்டை வெட்டியதும் ஓடைகளில் வெயில் விழுந்தது. வெயில் படும் தெளிந்த ஓடை நீரை விரும்பும், மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் இனத்து மேக்குலேட்டஸ் கொசுவுக்கு நாமே பாய் விரித்தது போல ஆயிற்று. ரப்பர் பால்மரம் நட மலையை வெட்டியவர்கள் நம்மவர்கள். அந்த ஓடைக்கரைத் தொழிலாளர் லயங்களில் படுத்தவர்களும் அவர்களே. ஓடையைக் குழாய் பதித்து மண்ணுக்கு அடியில் விடவும், எண்ணெய் ஊற்றவும் கற்றுக்கொள்வதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்தார்கள். என் பாட்டி பெற்ற ஏழில் இரண்டை முறைக்காய்ச்சலுக்குக் கொடுத்தவர். கொய்னா மாத்திரையின் கசப்பைப் பற்றி அவர் பேசும்போது முகம் சுருங்கும். செத்த பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது.

என் அப்பா உலு சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் எண்ணெய் அடித்தவர். முதுகில் டின், கையில் பம்பு. பெரட்டு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்பு, முடிந்து மற்றவர்கள் பால் வெட்டப் போனால், அப்பா கால்வாய்களுக்குப் போவார். திங்கட்கிழமை அடித்த கால்வாய்க்கு அடுத்த திங்கள் கட்டாயம் திரும்பிப் போக வேண்டும். ஏன் என்று அவருக்குத் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் ஐயா சொல்லியிருந்தார்: ஒரு வாரம் விட்டால் புழு கொசுவாகிப் பறந்துவிடும். தீபாவளியானாலும் சரி, மழையானாலும் சரி, அப்பா அந்த நாளைத் தவற விட்டதில்லை. வீட்டுக்கு வந்தால் சட்டையில் அந்த எண்ணெய் வாடை. ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது என்று சொன்னபோது, "நான் தண்ணியில தேடுனத நீ ரத்தத்துல தேடப்போற" என்றார்.

1960-களின் தொடக்கத்தில் இந்த நாட்டில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் பேருக்கு மேல் மலேரியா. 1967-இல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. வீடு வீடாக டி.டி.டி. பூச்சிமருந்து அடித்தார்கள், காய்ச்சல் என்றால் ரத்தம் எடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா பூஜ்யம் என்ற நிலைக்கு வந்தோம். அப்பாவைப் போல் பெயர் தெரியாமல் உழைத்த ஆயிரக்கணக்கானவர்களின் சாதனை இது. உங்கள் கட்டுரை எழுதியவர் இந்த வரியைத்தான் "ஒழிந்துவிட்டது" என்று சுருக்கிவிட்டார். விட்டுப்போனது "மனிதரிடமிருந்து மனிதருக்கு" என்ற சொற்கள். குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் மலேரியா இன்றும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் பதிவாகிறது. சபாவிலும் சரவாக்கிலும்தான் அதிகம். ஆனால் பகாங், கிளந்தான், நம் சிலாங்கூரின் மலையோரங்கள் எல்லாம் இதில் அடக்கம்.

அதன் பெயர் பிளாஸ்மோடியம் நோலெசி. நீண்டவால் குரங்கும், தேங்காய் பறிக்கப் பழக்குவார்களே அந்த பெரோக் குரங்கும் அதன் இயற்கை வீடு. 1930-களிலேயே கல்கத்தாவில் குரங்கின் ரத்தத்தில் கண்டு, மனிதருக்கும் ஒட்டும் என்று காட்டிவிட்டார்கள். 1965-இல் பகாங் காட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஓர் அமெரிக்கருக்கு அது இயற்கையாகவே வந்திருந்தது தெரிய வந்தது. அபூர்வம் என்று அதை மூடி வைத்துவிட்டார்கள். பிறகு 2004-இல் சரவாக்கில், காப்பிட் மருத்துவமனையில், பேராசிரியர் பல்பீர் சிங்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 208 மலேரியா நோயாளிகளின் ரத்தத்தை மரபணு முறையில் சோதித்தார்கள். 120 பேருக்கு இருந்தது நோலெசி. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர்கள் அவற்றில் பெரும்பாலானவற்றை "மலேரியே" என்ற வேறு வகையாக எழுதி வைத்திருந்தார்கள்.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு 48 வயது. படித்துவிட்டு வெகு நேரம் எழுந்திருக்க முடியவில்லை. ஏனென்றால் பகாங்கில் நானும் அப்படித்தான் எழுதினேன். மரம் வெட்டுகிறவர்கள், பிரம்பு எடுக்கப் போனவர்கள், பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி ஆண்கள். சிவப்பணுவின் குறுக்கே பட்டை போட்டது போல ஒட்டுண்ணி இருந்தால் "மலேரியே" என்று எழுதக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நோலெசியும் அதே போலப் பட்டை போடும்; கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் இரண்டின் குணமும் வேறு. மலேரியே 72 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும், மெதுவானது, ரத்தத்தில் கொஞ்சமாகத்தான் இருக்கும். நோலெசி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும். இன்று லேசான காய்ச்சல், நாலாம் நாள் மூச்சு முட்டும்.

ஒரு சிலைடு எனக்கு மறக்கவில்லை. 1986-ஆ 87-ஆ, மழைக்காலம். லாரியில் கொண்டு வந்து இறக்கிய ஒரு மரவெட்டுத் தொழிலாளி. எங்கே திருப்பினாலும் ஒட்டுண்ணி, ஒரு பார்வையில் இருபது முப்பது. பட்டை வடிவம். "மலேரியே, மிக அதிகம்" என்று எழுதினேன். மேலே இருந்தவரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மலேரியே இவ்வளவு இருக்காதே என்று என் மனதில் ஒரு கேள்வி வந்தது. பாடப் புத்தகத்தில் வேறு பதில் இல்லாததால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் காலை வார்டில் அந்தக் கட்டில் காலியாக இருந்தது. 2008-இல் சரவாக்கில் இறந்த நாலு பேரைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. நாலு பேரின் சிலைடிலும் மலேரியே என்று எழுதியிருந்தது, நாலும் நோலெசி. அதைப் படித்த அன்று அந்தக் காலிக் கட்டிலைத்தான் நினைத்தேன். அந்தச் சிலைடு இன்று இல்லை, சோதிக்க வழியும் இல்லை. இந்தக் கடிதத்தை நான் எழுதுவதற்கு அவரும் ஒரு காரணம்.

இப்போது என் அண்ணன் மகன். வயது 34, செந்தூலில் எங்கள் பக்கத்துத் தெரு. போன வருடம் டுரியான் காலத்தில் நண்பர்களோடு உலு லங்காட்டில் ஒரு பழத்தோட்டத்துக்குப் போய், விழும் பழத்தைப் பொறுக்குவதற்காக இரண்டு இரவு அங்கேயே குடிலில் தங்கினான். தோட்டம் முடியும் இடத்தில் காடு. பகலெல்லாம் குரங்குகள் வந்து பழத்தை உடைத்துப் போட்டதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். நானும் பார்த்தேன், எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துக் காய்ச்சல். கிளினிக்கில் வைரஸ் காய்ச்சல் என்றார்கள். மூன்றாம் நாள் டிங்கி சோதனை, இல்லை என்று வந்தது. ஆனால் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் குறைந்திருந்தது; மறுநாள் இன்னும் குறைந்தது. டிங்கிதான், சோதனையில் சில சமயம் தெரியாது, தண்ணீர் நிறையக் குடி என்று அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் மாலை ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். போர்வைக்குள் அவன் நடுங்கிய நடுக்கத்தில் கட்டில் சத்தம் போட்டது. "தினமும் இப்படியா?" என்று கேட்டேன். "ஆமா அத்தை, தினமும் சாயங்காலம் வருது, ராத்திரி வேர்த்துக் கொட்டிடுது" என்றான். "டுரியான் தோட்டத்துக்குப் போனத டாக்டர்கிட்ட சொன்னியாடா?" "இல்ல அத்தை. அவங்க கேக்கல. பழம் சாப்பிட்டதுக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்?"

அன்றிரவே மருத்துவமனையில் சேர்த்தோம். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டரிடம், காட்டோரம் தங்கினான், குரங்கு இருந்தது, தயவுசெய்து மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள் என்று சொன்னேன். அந்தப் பெண் உடனே கேட்டுக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: மலேரியா ஒட்டுண்ணி இருக்கிறது. மரபணுவைப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனையில் நோலெசி என்று உறுதியானது. ஆர்ட்டிமிசினின் வகை மாத்திரை மூன்று நாள். இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. சுகாதார அதிகாரிகள் வந்து எங்கே, எத்தனை இரவு, எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். நல்லபடியாக வீடு திரும்பினான்.

அந்த கிளினிக்கைக் குறை சொல்ல நான் வரவில்லை. கோலாலம்பூரில் காய்ச்சலோடு பிளேட்லெட் குறைந்தால் எந்த டாக்டருக்கும் முதலில் டிங்கிதான் தோன்றும். நோலெசியிலும் பிளேட்லெட் குறையும், ஏறக்குறைய எல்லோருக்கும். இதுதான் சிக்கலே. டாக்டர் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. மலேரியா ஒழிந்துவிட்டது என்று இருவருமே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று. குரங்கு என்றதும் நம் மக்களுக்குப் பத்துமலை முருகன் கோயில்தான் நினைவுக்கு வரும். இந்தக் கடிதம் வெளிவந்தால், பத்துமலைப் படிக்குப் போனால் மலேரியா வரும் என்று யாராவது கைப்பேசியில் பரப்பிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். தயவுசெய்து வேண்டாம். குரங்கைப் பார்த்தாலோ, தொட்டாலோ, அது தட்டிப் பறித்த வாழைப்பழத்தாலோ மலேரியா வராது. குரங்கின் ரத்தத்தைக் குடித்து, பத்துப் பன்னிரண்டு நாள் உயிரோடிருந்த ஓர் அனாபிலஸ் கொசு நடுவில் வேண்டும். அதுவும் எல்லா அனாபிலசும் அல்ல, லூக்கோஸ்பைரஸ் குழு என்ற, காட்டு நிழலில் தேங்கும் தண்ணீரில் வளரும் கொசுக்கள். சபாவில் ஒரு வகை, சரவாக்கில் ஒரு வகை, பகாங்கின் கோல லிப்பிஸ் பக்கம் ஒரு வகை, உலு சிலாங்கூரில் இன்ட்ரோலேட்டஸ் என்று ஒரு வகை. தீபகற்பத்தில் இவற்றைத் தேடிப் பிடித்து எழுதியவர்களில் மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இந்திரா வைத்திலிங்கமும் ஒருவர் என்பதில் எனக்குப் பெருமை. இந்தக் கொசுக்கள் அந்தி சாய்ந்த பிறகு கடிக்கும். பகலில் கடிக்கிற ஏடிஸ் வேறு, இது வேறு. வீட்டுப் பூச்சட்டித் தண்ணீரைக் கொட்டினால் டிங்கி குறையும். காட்டில் இருக்கும் இதற்கு அது போதாது.

ஆகவே காட்டோரத்தில் இரவு தங்குகிறவர்கள், டுரியான் பொறுக்குகிறவர்கள், மலையேறிக் கூடாரம் போடுகிறவர்கள், தோட்டத்துக் காவலுக்குப் போகிறவர்கள், இருட்டும் முன்பே முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு, கொசு விரட்டி தடவிக்கொண்டு, வலைக்குள் படுக்க வேண்டும். திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது "நான் காட்டுப் பக்கம் தங்கினேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்" என்பதுதான். டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விரலில் ஒரு குத்து, இரண்டு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். முதல் சிலைடில் இல்லை என்று வந்து காய்ச்சல் நிற்காவிட்டால் மறுநாள் திரும்பவும் பார்க்கச் சொல்ல வேண்டும். முதல் நாளில் ஒட்டுண்ணி மிகக் குறைவாக இருக்கும், என் கண்ணுக்கே தப்பியிருக்கிறது.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள். டிங்கி என்றால் வைரஸ், வோல்பாக்கியா என்றால் பாக்டீரியா, மலேரியா என்றால் ஒட்டுண்ணி என்று உங்கள் செய்திப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி ஒட்டி வைக்க வேண்டும். அடுத்தது, "மலேரியா ஒழிந்துவிட்டது" என்ற அந்த வரிக்குத் திருத்தம் வேண்டும். அது சுகாதாரப் பக்கத்து மூலையில் வந்தால் நான் சொல்கிற ஆட்கள் பார்க்கமாட்டார்கள். அவர்கள் முதலில் திருப்புவது விளையாட்டுப் பக்கம், அப்புறம் மரண அறிவித்தல். அந்த இரண்டில் ஒன்றில் போடுங்கள். என் கடிதத்தில் மீதி எல்லாவற்றையும் வெட்டினாலும் சரி, டாக்டரிடம் சொல்ல வேண்டிய அந்த ஒரு வரியை வெட்டாதீர்கள்.

பழம் விழத் தொடங்கிவிட்டது. என் அண்ணன் மகன் வருகிற சனிக்கிழமை மறுபடி உலு லங்காட்டுக்குப் போகிறான். வலை வாங்கி, ஓரத்தில் இருந்த கிழிசலைத் தைத்து, நேற்றுக் கொடுத்தேன். அவனோடு போகும் மற்ற ஐந்து பேருக்கும் வலை இருக்கிறதா என்று இன்று மாலை கேட்க வேண்டும். முடிந்தால் வெள்ளிக்கிழமைக்குள் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட ஊழியை,
செந்தூல், கோலாலம்பூர்.